ஹில்டா எழுதிய பாட்டில்

பதினோரு வருஷத்தில் பதினோரு கொலைகளைச் செய்துவிட்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள் ஹில்டா. ராயபுரத்தில் அவளை யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. பிடித்துக் கொடுப்பதாவது! அடுத்த கொலை எப்போது என்று கோயில் வாசலில் வழிமறித்துக் கேட்டார்கள். சபையின் மாத இதழான 'நல்லொலி'யில் ஒவ்வொரு ஜூலையிலும் அவளுடைய தொடர்கதை ஒன்று தொடங்கும், டிசம்பரில் முடியும். 'சாரோன் மகள்' என்ற புனைபெயரில் எழுதினாள். அது யார் என்பது சபையில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது கேட்டால் கொஞ்சம் கூச்சப்பட்டு, கொஞ்சம் மறுத்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பவர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கல்மண்டபம் பக்கம் அஜீசுன்னிசா வீட்டு மாடியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தாள். காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் இருபத்து நாலு வருஷமாகக் கிளார்க். மீன்பிடி போட்டுக்காரர்கள் போனில் கத்துவதைக் கேட்டுப் பதில் சொல்வாள். முதலாளி ஞானாபரணம் கோபத்தில் சொல்வதை மரியாதையான தமிழில் டைப் அடித்துக் கொடுப்பாள். அதே ஞானாபரணம்தான் சபைக்குச் செயலாளர். 'நல்லொலி'க்கும் அவர்தான் வெளியீட்டாளர். ஆகவே பகலில் அவருக்குக் கடிதம் எழுதினாள், சாயங்காலம் அவருக்கே கொலை எழுதினாள்.

விசுவாசத்தையும் குற்றத்தையும் ஒரே கதையில் கலப்பது லேசான காரியம் என்று நினைப்பவர்கள், 'நல்லொலி' ஆசிரியர் குழுவின் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கொலை நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நடக்கக் கூடாது. விஷம் வைக்கலாம், திராட்சரசத்தில் வைக்கக் கூடாது. காதல் இருக்கலாம், ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்திருக்க வேண்டும். சிகரெட் கூடவே கூடாது. கழுத்தை நெரிப்பவன் வெறும் வாயோடு வந்து நெரித்துவிட்டுப் போகட்டும். கொலைகாரனுக்கு இந்துப் பெயர் வைத்தால் வம்பு, முஸ்லிம் பெயர் வைத்தால் அதைவிட வம்பு என்று ஆயர் பயந்தார். அதனால் ராயபுரத்தில் அத்தனை வருஷமாகக் கொலை செய்தவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாகவே அமைந்துவிட்டார்கள்.

துப்பறிகிறவர் இன்ஸ்பெக்டர் நெகேமியா. அவருக்குக் கெட்ட வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது. காசிமேடு மீன் மார்க்கெட் எல்லையில் இருபது வருஷம் வேலை பார்த்தும் ஒரு மனுஷனுக்குக் கெட்ட வார்த்தை தெரியவில்லை என்றால் அவரைக் காது டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். விலங்கு மாட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிப்பார். குற்றவாளியும் நல்ல பிள்ளையாக ஓடாமல் நிற்பான். கடைசி அத்தியாயத்தில் அவன் முழங்காலில் விழுந்து கதறி அழுது மனந்திரும்ப வேண்டும் என்பது குழுவின் கண்டிப்பான விதி. நெகேமியா அவன் தோளில் கை வைப்பார். ஒரு வசனம். முற்றும்.

வீட்டுக்கார அம்மாள் அஜீசுன்னிசா இதழை ஓசி வாங்கி, ஒரு வரி விடாமல் படிப்பவள். இரண்டாம் அத்தியாயத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொல்லி ஹில்டாவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"ஏன் ஹில்டாம்மா, உன் கதையில கொலை பண்ணவன் அழுதான்னா உடனே எல்லாரும் வுட்டுடறாங்களே. செத்தவன் வூட்டுக்கு ஒரு ஆளு போறதில்லியே, ஏன்?"

"கடைசி அத்தியாயம் மூணு பக்கத்துக்குள்ள முடியணும்மா. இடம் இல்ல" என்றாள் ஹில்டா. அப்போது அவளுக்கு அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

அவளுடைய வாசகிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் நாற்பது பேர் கூடுவார்கள். தலைவி புஷ்பவல்லி. எட்டாவது கதையில் தபீத்தாள் என்ற பெண்ணை அவள் கொழுந்தன் ஒரு குடோனில் அடைத்துப் பூட்டிவிட்டான்; அந்த மாத அத்தியாயம் அத்தோடு நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை புஷ்பவல்லி ஜெபக் குறிப்புகளை வாசித்தாள். தன்னுடைய முழங்கால் வலி, கொருக்குப்பேட்டை தங்கச்சி மகனுக்கு விசா, அப்புறம் குடோனில் அடைபட்டிருக்கும் சகோதரி தபீத்தாளின் விடுதலை. நாற்பது பேரும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். மூன்று பேர் மதியச் சாப்பாட்டையும் விட்டார்கள். அடுத்த இதழில் தபீத்தாள் ஜன்னல் கம்பியை வளைத்துத் தப்பி வந்தாள். புஷ்பவல்லி எழுந்து, ஜெபம் கேட்கப்பட்டது என்று நன்றி சொன்னாள். கம்பியை வளைத்த ஹில்டாவும் தன் இடத்திலிருந்து "ஆமென்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளுக்குள் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தான் எழுதுவதை நாற்பது பேர் நிஜமென்று நம்பிப் பட்டினி கிடக்கிறார்கள். எழுதுகிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தச் சாமர்த்தியம்தான் அவளைக் கவிழ்த்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜூன் மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். இரண்டு மாதமாகக் கரையில் கட்டிக் கிடந்த போட்டுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போகும். அத்தனைக்கும் ஐஸ் வேண்டும். ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி பீம்ராவ் ஒரு திங்கட்கிழமை ஹில்டாவின் மேஜைக்கு வந்தான். வியாசர்பாடிக்காரன், முப்பத்தெட்டு வயது. தினமும் காலையில் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவான்.

"அக்கா, ரெண்டாவது மெஷினாண்ட வால்வு கசியுதுக்கா. அம்மோனியா கண்ணுல அடிக்குது. மாத்தணும்னு ஐயாவுக்கு எழுதிக் குடுங்கக்கா."

ஹில்டா கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுத்தாள். ஞானாபரணம் அதைப் பார்த்துவிட்டு, வால்வு மாற்ற இரண்டு நாள் மெஷினை நிறுத்த வேண்டும், இந்த வாரம் மெஷினை நிறுத்துகிறவன் பைத்தியக்காரன் என்று சொல்லிக் காகிதத்தைத் தள்ளி வைத்தார். வியாழக்கிழமை அந்த வால்வு பிடுங்கிக்கொண்டது. பீம்ராவ் மற்ற நாலு பேரை வெளியே தள்ளிவிட்டு, மூடப் போனவன் திரும்பி வரவில்லை.

அன்று மதியம் ஞானாபரணம் ஹில்டாவை அறைக்குள் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நடந்ததைப் பற்றிப் போலீசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அவன் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று எழுது என்றார். ஹில்டா அழுதுகொண்டே எழுதினாள். அழுகை என்னவோ உண்மைதான். முதலாளி படித்துப் பார்த்தார்.

"என்னமோ சப்புன்னு இருக்கு ஹில்டா. படிச்சா நம்பற மாதிரி இல்லையே. நீ எழுதினதா இது?"

பாருங்கள், ஒருவன் செத்துக் கிடக்கிறான், இவளுக்கு ரோஷம் வந்தது. காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். 'உடலின் அருகே பாதி காலியான மதுபாட்டில் ஒன்று கிடந்தது. மேற்பார்வையாளரின் எச்சரிக்கையையும் மீறி அவர் உள்ளே நுழைந்தார்' என்று சேர்த்தாள். முழுக்கக் காலியான பாட்டில் என்றால் யாரோ கொண்டுவந்து போட்டது போலிருக்கும், பாதி என்றால்தான் நம்புவார்கள் என்பது ஒன்பது கதை எழுதிப் பழகிய கைக்குத் தெரியாதா? ஞானாபரணம் படித்து நிமிர்ந்து, "இதுதான் எழுத்து" என்றார். அறிக்கை போவதற்குள் மெஷின் பக்கத்தில் ஒரு பாட்டிலும் வந்து சேர்ந்தது. பாதி காலியாக. ரத்தப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்காகும் என்றார்கள். அதைக் கேட்டு அலைய பீம்ராவ் வீட்டில் மனைவியை விட்டால் வேறு ஆளில்லை. அறிக்கையில் இருந்ததே ஊரில் நின்றது.

அடுத்த மாதம் ஹில்டா பத்தாவது கதையைத் தொடங்கினாள். நன்றாகவே எழுதினாள்.

இந்த வருஷம் ஜூனில், அதே தேதியில், பீம்ராவின் மனைவி சங்கமித்ரா ஆபீசுக்கு வந்தாள். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி சுத்தம் செய்கிற வேலை பார்ப்பவள். அந்த நீலச் சீருடையோடே வந்திருந்தாள். போன வருஷம் வாசல் காவலாளி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான். இந்த முறை அவன் டீ குடிக்கப் போயிருந்தான். நேரே ஹில்டாவின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"எனக்குக் காசு எதுவும் வோணாம் மேடம். அவரு குடிச்சுட்டு வந்தாருன்னு எழுதிக்கீதாமே, அந்த வரியை மட்டும் அடிச்சுக் குடுங்க. ஞாயித்துக்கெழம எங்க புத்த விகாரத்துல அஞ்சு சீலத்தையும் அவருதான் முன்னால நின்னு சொல்லுவாரு. எல்லாரும் பின்னால சொல்லுவாங்க. அஞ்சாவது சீலமே குடிக்க மாட்டேன்றதுதான். இப்ப அவரு படத்தை அங்க மாட்டலாமான்னு பேசிக்கினு கீறாங்க. பாட்டிலோட செத்தவன் படமாச்சேன்றாங்க."

ஹில்டா பேனாவை மூடி வைத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

"வோணாம். அத்த எழுதின ஆளு அவரை ஒரு தபாகூடப் பாத்திருக்க மாட்டான் மேடம். பாத்திருந்தா பாட்டில்னு எழுத கை வந்திருக்காது" என்று சொல்லிவிட்டுச் சங்கமித்ரா போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஹில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் வணக்கம் வாங்கிக்கொண்டவள் அவள். நேரே போய் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் வேலை போகும், இதழ் போகும், சபையில் தலை நிமிர முடியாது, ஜெயிலும் உண்டோ என்னவோ. ஆகவே தனக்குத் தெரிந்த குறுக்கு வழியைப் பிடித்தாள். கதை எழுதினாள். வேதாகமத்தில் ஒரு ராஜாவின் குற்றத்தை ஒரு தீர்க்கதரிசி கதை சொல்லியே உணர்த்தினார் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் அவள். அதையே ஞானாபரணத்திடம் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

பன்னிரண்டாவது கதைக்கு 'உறைநிலை' என்று பெயர். மோசே ராஜன் என்று ஓர் ஐஸ் ஃபேக்டரி முதலாளி. கசிகிற வால்வை மாற்ற மறுக்கிறான், தொழிலாளி சாகிறான், குடிகாரன் என்று பொய் அறிக்கை. முதலாளியின் மூக்கில் ஒரு மச்சம்கூட வைத்தாள். ஞானாபரணத்துக்கு அதே இடத்தில் மச்சம் உண்டு. அத்தியாயத்தை அவரிடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

ஞானாபரணம் படித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"அந்த எண்ணூர் ஐஸ் ஃபேக்டரிக்காரனை அப்படியே புட்டுப் புட்டு வெச்சுட்டியே! மச்சம்தான் அவனுக்குக் கெடையாது. அதுவும் நல்லதுதான், கேஸ் போட மாட்டான். இன்னும் கொஞ்சம் மோசமானவனா காட்டு ஹில்டா."

வேதாகமத்து ராஜா பரவாயில்லை, அவருக்குப் புத்தி இருந்தது. ஞானாபரணம் ஐந்து மாதம் ஐந்து அத்தியாயத்தையும் ரசித்துப் படித்தார். வெள்ளிக்கிழமைகளில் மோசே ராஜன் மனந்திரும்ப வேண்டும் என்று நாற்பது பெண்களும் உபவாசம் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை செயலாளர் என்ற முறையில் ஞானாபரணமே வந்து முடிவு ஜெபம் செய்தார். அந்தக் கல்நெஞ்சக்காரனை உடைத்துப்போடும் ஆண்டவரே என்று உருகினார். அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்ததை ஹில்டா பார்த்தாள். இனி எத்தனை கதை எழுதினாலும் இந்த மனுஷனுக்கு உறைக்காது என்று தெரிந்துபோயிற்று. அதைவிட மோசமாக இன்னொன்றும் தெரிந்தது. ஐந்து அத்தியாயத்திலும் பொய் அறிக்கையை மோசே ராஜன்தான் தன் கையால் எழுதுகிறான். கிளார்க் என்று ஒருத்தி கதையில் இல்லவே இல்லை. அவளைப் பத்திரமாக வெளியே நிறுத்தி வைத்திருந்தாள் ஹில்டா.

நவம்பர் கடைசி ஞாயிறு சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. வருஷம் முழுக்கப் பெற்ற நன்மைகளை ஒவ்வொருவராக முன்னால் வந்து மைக்கில் சொல்கிற நாள். வீடு கட்டியவர், பேத்தி பெற்றவர், கிட்னியில் கல் கரைந்தவர் எல்லாரும் சொல்லி முடித்த பின் ஹில்டா பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஐஸ் ஃபேக்டரியில பீம்ராவ்னு ஒருத்தர் செத்துப் போனார். அவர் குடிச்சிருந்தார்னு சொன்னாங்க. அவர் குடிக்கல. அங்க பாட்டில் எதுவும் கிடக்கல. அதை எழுதினது நான். வால்வு கசியுதுன்னு அவர் திங்கக்கிழமையே வந்து சொன்னார். தெரிஞ்சே மாத்தாம விட்டாங்க. தெரிஞ்சே நான் பொய் எழுதினேன்."

ஆயர் செயலாளரைப் பார்த்தார். ஐந்து மாதமாகக் கதையில் தன்னைக் கண்டுகொள்ளாத ஞானாபரணம், இந்தச் சில வரிகளில் கண்டுகொண்டார். எழுந்து நின்று, ஆலயம் அதிர "ஆமென்!" என்றார்.

"சபையாரே! டிசம்பர் இதழ் வர்றதுக்கு முன்னாடியே நம்ம சகோதரி 'உறைநிலை' கதையோட முடிவை உருக்கமா சொல்லிட்டாங்க. பேரைக்கூட நிஜம் மாதிரி மாத்தி, நம்ம ஃபேக்டரியிலயே நடந்த மாதிரி சொன்னாங்க பாருங்க, அதுதான் தாலந்து! கைதட்டி ஆண்டவரை மகிமைப்படுத்துவோம்."

கை தட்டினார்கள். ஐயோ, என்ன தட்டு! நாற்பது பெண்களும் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். "இது கதையில்லை, இது கதையில்லை" என்று ஹில்டா மைக்கில் கத்தினாள். மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். ஆர்கன் தொடங்கிவிட்டது. கதையில் அடைபட்டவளுக்காகப் பட்டினி கிடந்தவர்கள், நிஜத்தில் செத்தவனைக் கதை என்று சொல்லிக் கைதட்டினார்கள்.

புஷ்பவல்லி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா ஹில்டா நீ! தாங்க முடியல போ. ஆனா முடிவை இப்புடிப் போட்டு ஒடைச்சிட்டியே, டிசம்பர்ல நான் இன்னாத்தப் படிப்பேன்?"

"அக்கா, நிஜமா நான் எழுதினேன்க்கா."

"தெரியுமே! நீ எழுதினதுதானே!" என்று புஷ்பவல்லி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பிரியாணிப் பொட்டலம் தீர்ந்துவிடும் என்று ஓடினாள்.

படியில் ஞானாபரணம் நின்றிருந்தார். போவோர் வருவோருக்கெல்லாம் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் அவளிடம் பேசினார். "நாளையிலேர்ந்து ஆபீஸுக்கு வராத. மூளை சூடாயிருக்கு உனக்கு. நல்லா ரெஸ்ட் எடு. வெளில போய் இதையே சொன்னா, கதை எழுதிப் பைத்தியம் புடிச்சவன்னு நானே டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவேன்."

ஹில்டா கோயில் வாசலில் ஷேர் ஆட்டோ ஏறி, இடையில் ஒன்று மாறி, ஆபீஸ் பதிவேட்டில் பார்த்திருந்த விலாசத்தைத் தேடி, பட்டுப்புடவையோடே வியாசர்பாடி ஹவுஸிங் போர்டு பிளாக்கில் மூன்று மாடி ஏறினாள். சங்கமித்ரா வாசலில் உட்கார்ந்து சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஹில்டா மூச்சு வாங்க நின்றபடியே சொன்னாள். வால்வு, திங்கட்கிழமைக் கடிதம், சப்பென்று இருக்கிறது என்று முதலாளி சொன்னது, பாதி பாட்டில், எல்லாம். சொல்லிவிட்டு அழுதாள்.

சங்கமித்ரா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஹில்டாவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அத்த எழுதின அன்னிக்குத் தூங்கினியா?"

ஹில்டா பொய் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. "தூங்கினேன்."

"ரெண்டு வருசமா எதிர்வூட்டுக்காரிகூட என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கறப்ப மோந்து பாத்துட்டுக் குடிக்கறா. நீ தூங்கினியா." சங்கமித்ராவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "அழுவாத. அழுதுகினே எழுதினா கையெழுத்துப் புரியாது. உள்ள வா. எழுது."

பழைய நோட்டில் இரண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஹில்டா எழுதத் தொடங்கினாள். பழக்கதோஷம் போகுமா? 'கர்த்தருடைய சமுகத்தில் நொறுங்குண்ட இருதயத்தோடு' என்று ஆரம்பித்தாள். சங்கமித்ரா எட்டிப் படித்துவிட்டு அந்தத் தாளை வாங்கிக் கசக்கினாள்.

"இதெல்லாம் உங்க சாமியாண்ட சொல்லிக்கோ. இதுல உன் பேரு போடு. எந்த வேலை பாத்த, எந்தத் தேதில இன்னா எழுதின, அது பொய்யி. யாரு எழுதச் சொன்னா. அவரு குடிக்க மாட்டாரு. அவ்ளோதான்."

அது எட்டு வரிதான் வந்தது. இருபத்து நாலு வருஷத்தில் அவள் எழுதியதிலேயே சின்னது. எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கீழே சாரோன் மகள் இல்லை, 'அ. ஹில்டா' என்று கையெழுத்துப் போட்டாள். வால்வைப் பற்றிய கடிதத்தின் நகலையும் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமையே ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து தேதியோடு பிரிண்ட் எடுத்திருந்தாள்.

"என்னை மன்னிப்பியாம்மா?" என்று கேட்டாள்.

"அத்த இப்பக் கேக்காத" என்று சொல்லிச் சங்கமித்ரா தாள்களை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கதவைப் பூட்டினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தாள். வாயில் நெகேமியாவுக்குத் தெரியாத வார்த்தைகள் தாராளமாக வந்துகொண்டிருந்தன. போனில் யாரையோ ஏசி முடித்துவிட்டுத் தாளை வாங்கினாள். எட்டு வரியையும் இரண்டு முறை படித்தாள். நகலைத் திருப்பித் தேதி பார்த்தாள்.

"பாட்டில் ஐடியா யாரோடது?"

"என்னோடதுங்க."

"முதலாளி சொன்னாரா, நீங்களா எழுதினீங்களா?"

ஹில்டாவுக்கு ஒரு விநாடி ஆசை வந்தது. முதலாளி தலையில் போட்டுவிட்டால் போச்சு. அவர் செய்த மற்றதெல்லாம் நிஜம், இது ஒன்று சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்தில் சங்கமித்ரா மூச்சு விடுவது கேட்டது.

"குடிச்சான்னு எழுதச் சொன்னது அவர். பாட்டில் என்னோடது. நானா எழுதினது."

"அப்ப ஞானாபரணம் பேருக்கு மேல உங்க பேருதான் வந்தாலும் வரும். உள்ள போக வேண்டியிருக்கும். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

எஸ்.ஐ. அவள் தோளில் கை வைக்கவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அந்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எங்கே கிடக்கிறது என்று விசாரிக்க ஒரு ஏட்டைக் கூப்பிட்டாள். பிறகு சங்கமித்ராவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இவங்களுக்கு உறவா? கிளம்பறதுன்னா கிளம்புங்க. இது முடிய நேரமாவும்."

"உறவெல்லாம் இல்ல. எங்க வூட்டுக்காரர் பேரைக் கெடுத்தவங்க" என்றாள் சங்கமித்ரா. ஹில்டாவுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். "எழுதி முடிக்கட்டும். நான் இருக்கேன்."